வின்டர்தூரில் லேத் கழற்றப் போன கதை

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கப்பல்களுக்கு எஞ்சின் செய்தார்கள் என்று எங்கள் முதலாளி சொன்னபோது, வழக்கம்போல் அளக்கிறார் என்றுதான் நினைத்தேன். சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் என்றொரு ஊர். சுற்றிலும் காடும் குன்றும். ஊரின் நடுவிலேயே ஒரு பெரிய தொழிற்சாலை. தாத்தா காலத்திலிருந்து வார்ப்படமும் எஞ்சினும் செய்துவந்த அந்த இடத்தைப் பகுதி பகுதியாக மூடுகிறார்கள், மெஷின்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்றார். அதில் ஒரு பெரிய லேத்தை அவர் பேசி முடித்துவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பீளமேட்டில் பம்ப்செட்டுக்கு வார்ப்படம் செய்யும் ஃபவுண்டரி ஒன்றில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருந்தேன். "கந்தசாமி, நீ போயி பக்கத்துல நில்லு. கழட்டறப்ப நம்பர் போடு. அவங்க ஒரு போல்ட்டை மாத்தி வெச்சாலும் இங்க வந்து நாமதான் முழிக்கோணும்" என்று சொல்லி, தன் மகன் போட்டுக் கழித்த பழைய லெதர் ஜாக்கெட் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். அந்த ஜாக்கெட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் கோபம் ரயிலிலேயே வந்தது. விமான நிலையத்திலிருந்து ஏறிய வண்டி கொஞ்ச நேரத்தில் நின்றது. பலகையில் வின்டர்தூர் என்று தெளிவாக எழுதியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவு முன்னால் நின்றேன். கதவு திறக்கவில்லை. நம் ஊர் ரயிலில் கதவு என்பது எப்போதும் திறந்து கிடக்கும் ஒன்று. அதற்கென்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர், நான் கைப்பிடி தேடிக் கதவைத் தடவுவதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பிய பிறகு, "பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னார்.

வண்டி என்னை ஃப்ரௌவன்ஃபெல்ட் என்ற அடுத்த ஊருக்குக் கொண்டுபோனது. வழியில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். என் டிக்கெட் வின்டர்தூர் வரைக்கும்தான். கதவு திறக்கவில்லை என்றேன். "கதவு நன்றாக இருக்கிறது" என்றார். அபராதம் எழுதிக் கொடுத்து, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். கோயமுத்தூரில் ஒரு டி.டி.ஆர். இப்படிச் செய்திருந்தால் பெட்டியில் இருக்கும் பாதிப் பேராவது எனக்காகப் பேசியிருப்பார்கள். இங்கே எல்லோரும் ஜன்னல் வழியாகப் பசுமாடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்ப வந்து வின்டர்தூரில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். அத்தனை கூட்டத்தில் என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர், "டமிலா?" என்று கேட்டார். இவ்வளவு தூரத்தில் ஒரு வெள்ளைக்காரர் நம் மொழியைத் தெரிந்துவைத்திருக்கிறாரே என்று பூரித்து, "ஆமாம், தமிழன்தான்" என்றேன். அதுதான் தப்பாய்ப் போயிற்று. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். என் மனைவி கட்டிக் கொடுத்திருந்த பருப்புப்பொடியை விரலால் கிளறி மோந்து பார்த்தார்கள். பனியனையெல்லாம் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். மக்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், தேங்கிய தண்ணீரைச் சுற்றிப்போவது போல. கடைசியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, "இந்தியரா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். அவர்கள் கேட்டது அதையா?

தங்கியது ஒரு விதவை அம்மாள் வீட்டு மாடி அறையில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை கண்ணி எதுவும் இல்லை. ரயிலில் கசங்கிய சட்டையைத் துவைத்துப் போடலாமா என்று கேட்டேன். ஞாயிறு துவைக்கக் கூடாதாம். சரி, நாளைக்கு? நாளை கீழ்வீட்டுக்காரரின் முறை. எனக்கு எப்போது? அந்த அம்மாள் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரு தேதி சொன்னார். நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வரும் தேதி அது. ஒரு சட்டைக்கு இவ்வளவு சட்டமா என்று நினைத்துக்கொண்டு, பருப்புப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் போனபோது கோபமெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. ஸ்டேஷனுக்குப் பின்புறமே ஆரம்பித்துவிடுகிறது. சிவப்புச் செங்கல் கட்டடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு முழு ஊர் போல. உள்ளே தண்டவாளம். கப்பல் எஞ்சினை முழுசாக நிமிர்த்திவைத்துப் பார்ப்பதற்கென்றே கட்டிய ஹாலுக்குள் நின்று அண்ணாந்தேன். நம் ஊர்க் கோயில் கோபுரத்தை உள்ளே நிறுத்தலாம் போல இருந்தது. முதலாளி அளக்கவில்லை. இங்கிருந்து பகுதி பகுதியாக ரயிலேற்றி, கடற்கரைவரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஹாலில் ஆளில்லை. எங்கள் ஊரில் ஒரு மில்லை மூடினால் கேட்டில் பந்தல் போடுவார்கள். கொடி கட்டுவார்கள். உண்ணாவிரதம் இருப்பார்கள். தொழிலாளியின் மனைவி வந்து மேனேஜரைக் காது கூசத் திட்டிவிட்டுப் போவாள். மில் செத்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். இங்கே கேட்டில் பூத்தொட்டி வைத்திருந்தார்கள். தொட்டிக்குத் தண்ணீர்கூட ஊற்றியிருந்தார்கள். வேலையிழந்தவர்கள் எங்கே என்று கேட்டால், "எல்லாம் ஒழுங்காகப் பேசி முடிக்கப்பட்டது" என்றார் குப்ளர்.

குப்ளர்தான் மெஷின் கழற்றும் கான்ட்ராக்டர். பருத்த உடம்பு, சிவந்த முகம், எப்போதும் அவசரம். அவருடன் மூன்று ஆட்கள். நான் லேத்தின் முன்னால் போய் நின்று பார்த்தபோது, அதன் மின் கேபிள்களைக் கழற்றாமல் கட்டிங் பிளேயரால் வெட்டிப் போட்டிருந்தார்கள். எந்தக் கம்பி எதற்குப் போகிறது என்று இனி எவனுக்குத் தெரியும்?

"அடப் பாவிகளா, நாசமாப் போச்சே" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நீல ஓவரால், மஞ்சள் ஹெல்மெட், கன்னத்தில் கிரீஸ்.

"அண்ணை தமிழோ?" என்றது அந்தத் தலை.

அவர்தான் நவரத்தினம். எல்லோருக்கும் நவம். யாழ்ப்பாணத்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். குப்ளரின் ஆட்களில் இவர்தான் கடைசியாகச் சேர்ந்தவர். நான் கேபிளைக் காட்டிப் புலம்பியபோது, "ஓம் அண்ணை, நான் சொல்லிப் பாத்தனான். அவைக்கு அவசரம். மிச்சத்தையெண்டாலும் கழட்டுவம்" என்று சொல்லி ஸ்பானரை எடுத்தார்.

அன்று மத்தியானம் குப்ளர் எனக்குச் சாப்பாடு வாங்கித் தந்தார். நான் மாடு பன்றி சாப்பிடுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். தலையாட்டிக்கொண்டார். வெங்காயமும் சீஸும் போட்ட வட்டமான பண்டம் ஒன்று வந்தது. பாதி சாப்பிட்ட பிறகு பல்லில் ஏதோ நெறுநெறுவென்று மாட்டியது. என்ன என்று கேட்டேன். பன்றிக் கொழுப்பாம். "அது இறைச்சி இல்லை, வாசனைக்குப் போடுவது" என்றார் குப்ளர், எனக்கு ஏதோ புரியாததைப் புரியவைப்பவர் போல. எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். நவம் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பிட்டும் தேங்காய்ச் சம்பலும். இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து தின்றோம். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மறுநாளிலிருந்து அவர் மனைவி இரண்டு பேருக்குப் போதுமான அளவு வைத்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நவம் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். முதலில் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார்.

"அண்ணை, இதோட திரியாதேங்கோ. லெதர் ஜாக்கெட் போட்ட தமிழன் எண்டால் இஞ்சை போதைப் பவுடர் விக்கிறவன் எண்டு நினைப்பு. நாங்கள் வந்த காலத்திலை பேப்பரிலை எல்லாம் அப்பிடித்தான் எழுதினவங்கள்."

குளிரில் நடுங்கினாலும் பரவாயில்லை என்று அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். இந்தக் குளிரில் ஒருவன் என்ன துணி போடுவது என்பதைக்கூடப் பேப்பர்காரன் தீர்மானிக்கிறான்.

ஊர் அழகுதான், மறுக்க முடியாது. கார் போகாத கடைத்தெரு. இரட்டைக் கோபுரத்தோடு ஒரு பழைய தேவாலயம். எங்கே பார்த்தாலும் சைக்கிள். தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்னத் தோட்டம். பணக்கார வியாபாரிகள் வாங்கிச் சேர்த்த ஓவியங்களை வைத்து மியூசியம். அதற்குள்ளும் போய்ப் பார்த்தோம். பழம், பாத்திரம், ஆற்றங்கரை, துணியில்லாத பெண்கள். நான் பார்த்த அறைகளில் எஞ்சின் படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சுவருக்கு நினைவில்லை.

நவம் அந்தத் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஃபவுண்டரியில், வார்ப்புகளைக் கிரைண்டர் பிடித்துச் சுத்தம் செய்யும் இடத்தில். அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஃபவுண்டரியில் அந்த மூலையில் உள்ளூர்க்காரன் நிற்கமாட்டான். ராமநாதபுரத்துப் பையன்களைத்தான் நிறுத்துவோம்.

"கம்பெனி மூடினதுக்கு அப்பறம்?" என்று கேட்டேன்.

"என்ர வேலைப் பெர்மிட் அந்தக் கொம்பனிக்கெண்டுதான் தந்தவை. கொம்பனி இல்லையெண்டால் பெர்மிட்டும் இல்லை. அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. குப்ளர் புதுசா எழுதித் தாறன் எண்டு சொன்னவர். அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டு போகுது."

"அது வரைக்கும் சும்மா இருக்கலாமுங்களே?"

"இருந்தனான் அண்ணை, நாலு மாசம். பக்கத்து வீட்டு மனிசன் ஒவ்வொரு நாளும் மாடிப்படியிலை நிண்டு, இண்டைக்கும் வேலை இல்லையோ எண்டு கேப்பார். எங்கடை வரிக்காசிலை இருக்கிறாய் எண்டு ஒருநாள் சொல்லிப்போட்டார்."

புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் சாப்பாடு. மனைவி பெயர் மலர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவர். மகள் சின்னவள், வந்தவுடன் என் மடியில் ஏறி உட்கார்ந்து சுவிஸ் ஜெர்மனில் ஏதோ கேட்டாள். நான் மலரை எங்கள் ஊர் வழக்கப்படி "அம்மிணி" என்று கூப்பிட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன அண்ணை, என்னை மகாராணி ஆக்கிப்போட்டியள்" என்றார். இடியப்பமும் மீன் குழம்பும் வைத்து, நான் போதும் என்ற பிறகும் போட்டார். அந்த ஊரில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக் காப்பி நேரம். லேத்தின் மேல்பாகத்தைச் சங்கிலியில் கட்டித் தூக்கி இறக்கியிருந்தோம். சாதாரண உடையில் இரண்டு பேர் ஹாலுக்குள் வந்து அடையாள அட்டையைக் காட்டினார்கள். போலீஸ். ஒவ்வொருவரின் தாளையும் வாங்கிப் பார்த்தார்கள். நவத்தின் தாளைப் பார்த்ததும் குப்ளரைக் கூப்பிட்டார்கள்.

குப்ளர் ஜெர்மனில் ஏதோ சொல்லி என்னைக் கை காட்டினார். போலீஸ்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்:

"இவர் உங்கள் நண்பர், உங்களைப் பார்க்க வந்திருக்கிறார் என்கிறார் குப்ளர். அப்படியா?"

என் காதையே நம்ப முடியவில்லை. நவத்தின் கை முழங்கை வரை கிரீஸ். தலையில் குப்ளர் பெயர் எழுதிய ஹெல்மெட். நண்பனைப் பார்க்க வருகிறவன் ஓவரால் போட்டுக்கொண்டு சங்கிலி இழுப்பானா? வேலை வாங்கும்போது ஆள், போலீஸ் வந்தால் யாரோ இந்தியனுடைய சிநேகிதன். நான் வாயைத் திறப்பதற்குள் நவத்தை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து விவரம் சொல்ல வேண்டும் என்றார்கள்.

தபால் நிலையத்துக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லீங்க. அந்த ஆளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"இலங்கைக்காரன் சமாச்சாரம் நமக்கெதுக்கு கந்தசாமி? தெரியாதுன்னு சொல்லிட்டு வந்து பெட்டியை ஆணியடி."

போனை வைத்தேன். ஒரே நாளில் எத்தனை பேர்மேல்தான் கோபப்படுவது.

அங்கிருந்து நேராக மலர் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு ஓடினேன். சமையலறையின் பின்கதவைத் தட்டினேன். தலையில் வலைத்தொப்பி, பிளாஸ்டிக் ஏப்ரனோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். குப்ளர் சொன்ன பொய்யையும் சொன்னேன். "அவனை விடமாட்டனுங்க அம்மிணி. நடந்ததை அப்படியே போலீசில் சொல்லிடறேன்" என்றேன்.

"வேண்டாம் அண்ணை" என்றார் மலர்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த மனிசன் தன்னைக் காப்பாத்தத்தான் சொன்னவன். ஆனா அது எங்களுக்கும் நல்லதுதான். பாக்க வந்தவர் எண்டால் குற்றம் இல்லை. களவா வேலை செய்தவர் எண்டால் வழக்கிலை எழுதுவினம். ஏற்கெனவே முதல் விசாரணையிலை ஒரு மாதிரிச் சொன்னார், ரெண்டாவதிலை வேற மாதிரிச் சொன்னார் எண்டு பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். பிள்ளையோட எங்களை அனுப்பிப்போட்டால் நாங்கள் எங்கை போறது? நீங்கள், அவர் உங்கடை சொந்தக்காரர், உங்களைப் பாக்க வந்தவர் எண்டு சொல்லுங்கோ. அவரும் பாக்க வந்தனான் எண்டுதான் சொல்லுவார். அவருக்கு விளங்கும்."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

குப்ளரின் பொய்யை நான் சுமக்க வேண்டும். அதைச் சுமந்தால் அந்த ஆள் சட்டையில் அழுக்குப் படாமல் தப்பிவிடுவான். சுமக்காவிட்டால் இந்தப் பெண்ணும் குழந்தையும். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தேன். ஆனால் போய்ச் சேர்வதற்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

என்னை விசாரித்தது என் வயதிருக்கும் ஒரு பெண் அதிகாரி. தண்ணீர் கொடுத்தார். நவம் உங்களுக்கு யார் என்று கேட்டார்.

"சித்தப்பா மகன்" என்றேன்.

"உங்கள் சித்தப்பா இலங்கையிலா இருக்கிறார்?"

"கல்யாணம் செய்துகொண்டு போனவர்."

"நவரத்தினம் அந்த ஹாலில் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"சும்மா என்னைப் பார்க்க வந்தார். கை கொடுத்தார், அவ்வளவுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "போன மாதத்திலிருந்தே அங்கே வேலை செய்வதாக அவரே சொல்லிவிட்டார். உங்களை முதன்முதலாகப் பார்த்தது இந்தத் திங்கட்கிழமை என்றும் சொன்னார்" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அவமானம் ஒரு பக்கம். இந்த நவம் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறார் என்ற பயம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து எனக்குள் அந்த வாரம் முழுக்க அடைந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. மெஷின் மானுவல் படித்துக் கற்றுக்கொண்ட ஆங்கிலம் என்னுடையது. அதில் கோபப்பட வசதி குறைவு. இருந்தும் பேசினேன்.

"ஆமாம், பொய்தான் சொன்னேன். அவர் வேலை செய்தார். குப்ளர் வேலை வாங்கினார். ஆறு வருடம் உங்கள் அனுமதியோடு இதே இடத்தில் தூசி தின்றார். தொழிற்சாலையை மூடினீர்கள், அனுமதியையும் எடுத்துக்கொண்டீர்கள். வேலை செய்தால் போலீஸ் வருகிறது. செய்யாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். அவர் என்னதான் செய்ய வேண்டும் என்று உங்கள் சட்டத்தில் எங்கேயாவது எழுதியிருந்தால் காட்டுங்கள்."

"சட்டத்தை நான் எழுதவில்லை" என்றார் அந்த அம்மாள். பிறகு முதலில் எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். "இரண்டாவதாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். மெதுவாகச் சொல்லுங்கள்."

நவத்தைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஆனால் விஷயம் மேலே போகும் என்று சொல்லித்தான் விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை குப்ளர் என்னிடம் வந்து, "நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும்" என்றார். அதில் பாதி உண்மையாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஆங்கிலம் போதாது என்று தோன்றியதால், எங்கள் ஊர்த் தமிழில், நிதானமாக, அவர் அப்பனையும் பாட்டனையும் விசாரித்தேன். அவருக்குச் சாரம் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை.

ஆள் குறைந்துவிட்டதால் நவத்தின் ஸ்பானரை நானே எடுத்தேன். இரண்டு நாள் சங்கிலி இழுத்தேன், பெட்டி அடித்தேன், ஆணி அறைந்தேன். பார்வையாளர் விசாவில் வந்தவன் நான். எனக்கும் அங்கே வேலை செய்ய உரிமை கிடையாது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மெஷினை வாங்கியவரின் ஆள் இல்லையா.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குப்ளருக்கும் அபராதம், நவத்துக்கும் அபராதம். குப்ளர் அதைக் கட்டிவிட்டு அடுத்த ஹாலைக் காலி செய்யப் போய்விட்டார். நவத்துக்கு அது வழக்கோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் இருப்பதா போவதா என்று தெரியாமல் வைத்திருந்தார்கள். கடைசியில், அவர் ஊரில் சண்டை ஓயவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, இருக்கலாம் என்று விட்டார்கள். உண்மை சொன்னதற்காக யாரும் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. இப்போது ஒரு மருத்துவமனையில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. நாங்கள் லேத் கழற்றிய ஹாலில் காசு கட்டிச் சின்னக் கார் ஓட்டி விளையாடுகிறார்களாம். போனில் அவர்தான் சொன்னார். லேத் பீளமேட்டில் ஓடுகிறது. வெட்டின கேபிளுக்கு வழி கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

இதெல்லாம் பிறகு. நான் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஞாயிறு. ஊரே பூட்டிக் கிடந்தது. நவம் குடும்பத்தோடு வந்து என்னை ஊருக்கு வெளியே ஒரு குன்றுக்கு அழைத்துப் போனார். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். உச்சியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் முழு ஊரும் தெரிந்தது. தேவாலயக் கோபுரங்கள், ஸ்டேஷன், அதை ஒட்டித் தொழிற்சாலையின் கூரைகள். புகை இல்லாத புகைபோக்கி ஒன்று.

மலர் வியாழக்கிழமையிலிருந்து நவத்தோடு பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"அண்ணை, அவருக்கு வடை வேணுமோ எண்டு கேளுங்கோ."

"வேணுமாம் அம்மிணி."

"அண்ணை, பிள்ளை விளிம்புக்குப் போறாள், பிடிக்கச் சொல்லுங்கோ."

நவம் போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. நான் அவருக்காகப் பொய் சொல்லப் போய் ஒரு பெண்பிள்ளை முன்னால் தலைகுனிந்தவன். கேட்டே விட்டேன்.

"ஏனுங்க தம்பி, பாக்க வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. என்னத்துக்கு இப்படிப் பண்ணீங்க?"

நவம் குனிந்து மகளின் காலணி நாடாவைக் கட்டிவிட்டார். பிறகு கீழே அந்தக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நானும் அப்பிடித்தான் சொல்லுவம் எண்டு நினைச்சுக்கொண்டு போனனான் அண்ணை. அங்கை, அந்தக் கட்டடத்துக்குள்ளை உனக்கு என்ன வேலை எண்டு கேட்டாங்கள். ஆறு வருசம் அண்ணை. இருமினால் இண்டைக்கும் அந்தக் கரிதான் வருது. சும்மா பாக்க வந்தவன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

கீழே ஒரு ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. மலர் ஃபிளாஸ்க்கைத் திறந்து கோப்பையில் ஊற்றினார். அதை என்னிடம் கொடுக்காமல் எழுந்து போய் நவத்தின் கையில் கொடுத்தார்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார்.